பாதை அறிந்தவரைக் கேளுங்கள்

 

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகிறது. பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? முன்பெல்லாம் இதற்குப் பாட்டி வீடு என்ற ஒரே விடைதான் இருந்தது. இன்றோ கைப்பேசியில் ஓர் அருவியின் படத்தைக் காட்டி, இங்கே போவோம் என்று பிள்ளைகளே முடிவு சொல்லிவிடுகிறார்கள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பகுதிகளில் வாழும் நமக்கு அந்தப் படம் பெரும்பாலும் கல்வராயன் மலையுடையதாகவே இருக்கிறது.

இயற்கையின் அழகைக் காணச் செல்வது வீண்பொழுது என்று கருதும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பூமியில் சுற்றித் திரிந்து பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் நம்மை ஏவுகிறது. ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் விரிந்த பூமியையும் உற்று நோக்கமாட்டார்களா என்று அல்-காஷியா அத்தியாயத்தில் வல்ல அல்லாஹ் வினவுகின்றான். நான்கு சுவர்களுக்குள் அமர்ந்து மலையை நோக்குவது எங்ஙனம்? எனவே செல்லுங்கள், பிள்ளைகளையும் பெண்மக்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஆயினும், பயணத்தை ஏவிய அதே மார்க்கம் பயணம் செய்யும் முறையையும் கற்பித்திருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வெறுங்கையோடு, எவரிடமும் எதுவும் கேளாமல், ஓடைகளுக்குள்ளும் பள்ளங்களுக்குள்ளும் இறங்கும் இளைஞர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. அச்செய்தியை நாளிதழில் படித்து ‘இன்னா லில்லாஹி’ சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். ஆதலால் இம்மாதம் மலைப்பாதையைப் பற்றியே பேசுவோம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில் கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும், அதனினும் உயர்ந்த தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். கோமுகியும் மணிமுத்தாறும் இம்மலையில் பிறந்து வெள்ளாற்றைச் சேருகின்றன. கச்சிராயபாளையத்தை அடுத்து மலையடிவாரத்தில் 46 அடி உயரத்தில் நிற்கும் கோமுகி அணையைக் கடந்தால், சாலை வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறுகிறது. பெரியார் அருவி சாலையை ஒட்டியே விழுகிறது. மேகம் அருவியைக் காண வேண்டுமாயின் காட்டுக்குள் நடந்தே ஆக வேண்டும்.

இங்கே ஒன்றை நினைவில் நிறுத்த வேண்டுகிறேன். நாம் உல்லாசமாக நடக்கப் போகும் அந்த ஒற்றையடிப் பாதைகள் உல்லாசத்திற்காக உண்டானவை அல்ல. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் கடுக்காயும் சாமையும் மரவள்ளிக் கிழங்கும் சுமந்து நடந்து உண்டாக்கியவை. 1976 வரையில் அம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோன பின்னர், கல்வராயன் மக்களின் சாலை, மருத்துவம், கல்வி ஆகியவற்றின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்காக எடுத்து விசாரிக்கலாயிற்று. சாலை இல்லாமையால் நடப்பவர்களின் வழியில், நடப்பதையே விடுமுறை இன்பமாகக் கொண்ட நாம் குறுக்கிடுகிறோம். அந்தப் பாதை ஒருவருடைய சாமைக் கொல்லையின் வரப்பாகவும் இருக்கலாம். மற்றொருவருடைய வீட்டு வாசலாகவும் இருக்கலாம். பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று நுழைய வேண்டுமென்ற ஒழுக்கத்தை நமக்குக் கற்பித்த மார்க்கம், மலைமேல் உள்ள இல்லத்திற்கு விலக்கு அளிக்கவில்லை.

அதனினும் முக்கியமானது, அம்மலையை அறிந்தவர்கள் அவர்களே என்பதாகும். எந்த ஓடை எப்போது பெருகும், எந்தப் பாறை வழுக்கும், எந்தச் சுனை சித்திரையிலும் வற்றாது என்பவை அவர்களுக்குத் தெரியும். நம் கைப்பேசிக்குத் தெரியாது. பல இடங்களில் அதற்கு அலைவரிசையும் கிடையாது.

கேளாமையின் தீங்கைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. பயணத்தின்போது தலையில் கல்பட்டுக் காயமுற்ற ஒரு தோழருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடன் வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அதற்கு இடமில்லை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுஞ்சினம் கொண்டார்கள். அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்றும், தெரியாதபோது கேட்டிருக்கலாகாதா என்றும், அறியாமை எனும் பிணிக்குக் கேட்பதே மருந்து என்றும் பொருள்படக் கூறினார்கள். இந்நிகழ்ச்சியைத் தயம்மும் பாடத்தில் மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம், இது பயணத்தைப் பற்றிய பாடமும் ஆயிற்றே என்று எனக்குத் தோன்றும்.

பள்ளத்தாக்குகளில் நடப்பதற்கு உலகிலேயே பெயர்பெற்ற இடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் ஆகும். கொலராடோ ஆறு பாலை நிலத்தை அறுத்து உண்டாக்கிய அப்பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 1,800 மீட்டரையும் கடக்கிறது. 1919-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே ‘பிரைட் ஏஞ்சல்’ என்னும் பாதை விளிம்பிலிருந்து ஆற்றங்கரை வரை இறங்குகிறது. அவ்விடத்தின் வஞ்சகமே அந்த இறக்கம்தான். நம் மலைகளில் முதலில் ஏறுகிறோம்; களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கிலோ காலைக் குளிர்ச்சியில், உடல் சுறுசுறுப்பாக இருக்கையில், இறங்குவது விளையாட்டாகத் தோன்றும். உச்சி வெயிலில், தண்ணீர் தீர்ந்த நிலையில், கால்கள் நடுங்க ஏற வேண்டியிருக்கும். அடித்தளத்தில் கோடை வெப்பம் நிழலிலேயே 40 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். கோடைக் காலத்தில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை அச்சரிவுகளில் நடக்க வேண்டாமென்று பூங்காவினர் எச்சரிக்கிறார்கள். இறங்கியதைப்போல் இருமடங்கு நேரம் ஏறுவதற்கு வேண்டுமென்பது அங்கே நடப்போர் கொள்ளும் கணக்கு.

நமக்கும் கேன்யனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அருவியைத் தேடி ஓடைப் பள்ளத்திற்குள் இறங்குபவர் செய்வதும் அதே பயணம்தானே! இறங்கும்போது அரைமணி நேரம் ஆனால் ஏற ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தோளில் சுமந்து ஏற வேண்டியவர் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். வேர்வையில் உப்பும் வெளியேறிவிடுவதால் வெறுந்தண்ணீரை மட்டும் மேலும் மேலும் குடிப்பதும் தீங்காகலாம்; உப்பிட்ட மோரும் வறுத்த கடலையும் பேரீச்சம்பழமும் உடன் இருக்கட்டும். கடையில் விற்கும் வண்ணப் பானங்களைவிட நம் அம்மாமார் கலக்கித் தரும் மோர் எவ்வளவோ மேல்.

தண்ணீரைப் பற்றி மார்க்கம் வகுத்த முறையை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது. நம்மிடம் இருப்பது குடிப்பதற்கு மட்டுமே போதுமான தண்ணீர் என்றும், ஒளுச் செய்துவிட்டால் தாகத்திற்கு ஆளாவோம் என்றும் அஞ்சினால், அத்தண்ணீரைக் குடிப்பதற்கு வைத்துக்கொண்டு தயம்மும் செய்து தொழ வேண்டும். இச்சலுகை நம் தாகத்திற்கு மட்டுமன்று. உடன் வருபவரின் தாகத்திற்கும், கூட வரும் வாயில்லாப் பிராணியின் தாகத்திற்கும் உண்டு என்று சட்ட வல்லுநர்கள் விரித்துரைத்துள்ளனர். பேணுதல் என்று கருதிக் கடைசிப் புட்டித் தண்ணீரை ஒளுவிற்குச் செலவிட்டுவிட்டுப் பிள்ளையைத் தாகத்தில் வாட விடுவது பேணுதல் ஆகாது. ஹனபி மத்ஹபில் தூசியற்ற பாறையின் மீதும் தயம்மும் கூடும். ஷாபி மத்ஹபினர் தூசியுள்ள மண்ணைத் தேட வேண்டும். ஓடை அருகில் இருக்கும்போது சோம்பலால் தயம்மும் செய்வதற்கு எவருடைய மத்ஹபிலும் இடமில்லை. வைகாசியில் கல்வராயனின் பல ஓடைகள் வெறும் கற்படுகையாகிவிடுவதால் இதைச் சொல்ல நேர்ந்தது. வீட்டிலிருந்தே ஒளுவோடு புறப்படுவது யாவற்றினும் எளிது.

தொழுகையைச் சுருக்கித் தொழலாமா என்பதும் அடிக்கடி கேட்கப்படுகிறது. கஸ்ருக்குரிய தூரம் ஹனபி மத்ஹபில் 48 மைல். அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குச் செல்பவருக்கு அத்தூரம் அமையாது. லுஹரை நான்காகவே தொழ வேண்டும். சென்னையிலிருந்து வருபவரின் நிலை வேறு. கிப்லாவைப் பொறுத்தமட்டில், மேற்கிலிருந்து 20 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். வைகாசியில் சூரியன் மறையும் இடமும் கிப்லாவும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துவிடும். மார்கழியில் அதே மாலைச் சூரியனைப் பார்த்து நின்றால் 40 பாகைக்கும் மேல் தவறிப்போகும்.

இனி, தண்ணீரின் மறுமுகத்திற்கு வருவோம். வறட்சியால் மடிந்தவர்களைக் காட்டிலும் வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றியே நம் பகுதியில் அதிகம் கேள்விப்படுகிறோம். பாலை நிலத்திலும் இந்த ஆபத்து உண்டென்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். 1997 ஆகஸ்ட் 12 அன்று, அதே அரிசோனாவில் ‘ஆண்டிலோப் கேன்யன்’ என்னும் மிகக் குறுகிய பாறைப் பிளவுக்குள் நடந்துகொண்டிருந்த 11 பேர் திடீர் வெள்ளத்தில் மாண்டனர். மழை பெய்தது அவ்விடத்தில் அன்று; தொலைவில் எங்கோ பெய்தது. பாறைச் சுவர்களுக்கு இடையே நடந்தவர்களுக்கு மேலே தெரிந்தது வானத்தின் ஒரு கீற்றுதான். ஜோர்தானின் பெட்ரா நகருக்குள் செல்லும் ‘சீக்’ என்னும் இடுக்குவழியிலும் 1963-இல் இவ்வாறே இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் மடிந்தனர். இதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்நகரை அமைத்த நபத்தேயர், வெள்ளம் சீக்கினுள் புகாதபடி அதன் வாயிலில் அணை கட்டிச் சுரங்கம் வழியே நீரைத் திருப்பி விட்டிருந்தார்கள். அவ்வணை சிதைந்து கிடந்த காலத்தில்தான் அந்தத் துயரம் நிகழ்ந்தது. அதன் பின்னரே அணை மீண்டும் கட்டப்பட்டது. புனித மக்காவும் மலைகளால் சூழப்பட்ட பள்ளத்தாக்கன்றோ? அன்னை ஹாஜர் (அலை) ஒரு வாய்த் தண்ணீருக்காக ஓடிய அதே பள்ளத்தாக்கில், 1941-இல் வெள்ளம் புகுந்து கஅபாவைச் சுற்றி மனிதர்கள் நீந்தும் அளவிற்கு உயர்ந்தது.

நம் நாட்டிற்கே வருவோம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது காட்டாறு பாய்ந்தது. 17 வயது இளைஞன் ஒருவன் உயிரிழந்தான். அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயலின்போது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டு, கீழேயிருந்த ஊர்கள் உறக்கத்திலேயே வெள்ளத்தைக் கண்டன. மழை ஓரிடத்தில், வெள்ளம் வேறோரிடத்தில்!

எனவே அருவியின் அடியில் நிற்கும்போது உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மலைமுகட்டில் கருமேகம் கவிந்திருக்கிறதா, மேலே மழை பெய்ததா என்று உள்ளூராரைக் கேளுங்கள். தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், மேலே வண்டி ஓடுவதைப்போன்ற இரைச்சல் கேட்டால், ஒரு நொடியும் தாமதியாமல் பக்கவாட்டில் மேட்டில் ஏறிவிட வேண்டும். பையையும் செருப்பையும் பிரியாணிச் சட்டியையும் எடுக்கத் திரும்பலாகாது. ஓடையின் நடுவே தட்டையாகக் கிடக்கும் பாறையில் விரிப்பை விரித்து உணவு பரிமாறுவது பார்க்க அழகுதான். அந்தப் பாறை அங்கே எப்படி வந்தது என்று சற்று எண்ணிப் பாருங்கள். வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து போட்டது அது.

இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி முஸ்லிம் நூலில் காணப்படுகிறது. இரவில் அது விலங்குகள் நடக்கும் வழியாகவும் நச்சு உயிர்கள் ஒதுங்கும் இடமாகவும் இருக்கிறது என்ற காரணத்தையும் விளக்கியிருக்கிறார்கள். காட்டில் கூடாரம் அடிக்கக் கற்றுத்தரும் இன்றைய நூல்களும் இதனையே முதலில் சொல்லும். நீர்த்துறையிலும், மக்கள் நடக்கும் வழியிலும், நிழலிலும் மலஜலம் கழிப்பதைச் சாபத்திற்குரிய செயல் என்று கண்டித்தார்கள். மலை ஓடையின் ஒவ்வொரு வளைவுக்கும் கீழே குடம் ஏந்தும் ஓர் ஊர் இருக்கிறது. நெகிழிப் புட்டிகளையும் குழந்தைகளின் அணையாடைகளையும் அந்நீரில் விட்டுவிட்டு வருபவர்களைப் பற்றி என்ன சொல்வது? நம் வண்டிகளில் வந்தவர்களும் அவர்களுள் உண்டென்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

காட்டுத்தீயைக் குறித்து விரிவாக எழுத இடமில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் கருகி மாண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2024-இல் வனத்துறையின் சார்பில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் பதிவு முறையோடும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறக்கப்பட்டன. நீங்கள் செல்ல விரும்பும் பாதை அப்பட்டியலில் இல்லையாயின், காப்புக் காட்டிற்குள் காலெடுத்து வைக்கும் முன்னர் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறுங்கள். அங்கே வேண்டாமென்று சொன்னால் வாதாடாதீர்கள். மாசி, பங்குனி மாதங்களில் காய்ந்த போதைப் புல்லில் ஒரு தீக்குச்சி போதும். ஆகவே காட்டில் அடுப்பு மூட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள். கட்டுச்சோறு போதும்.

மூவர் பயணம் புறப்பட்டால் அவர்களில் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுமாறு நபிமொழி உண்டு. நம் குடும்பப் பயணங்களில் இதை நடைமுறைப்படுத்தினால் பாதிக் குழப்பம் தீரும். அமீராக இருப்பவர் அதிகம் கத்துபவராக இருக்கத் தேவையில்லை. தலைகளை எண்ணத் தெரிந்தவராக, திரும்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்து அதைக் காப்பவராக இருந்தால் போதும். பஜ்ரு தொழுதவுடன் புறப்பட்டு, அஸருக்குள் சாலைக்குத் திரும்பிவிட வேண்டும். எந்த வழியாகச் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். தொழுகை நடத்தும் இமாம் தம் பின்னே நிற்போரில் மிகப் பலவீனமானவரைக் கருத்தில் கொள்ள வேண்டுமென்பது பெருமானார் காட்டிய வழி. மலைநடையிலும் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் முழங்கால் வலியுள்ள மாமியார்தான். கல்லூரியில் படிக்கும் மகன் அல்லன். அவன் முன்னே ஓடிப்போய் வழிதவறி நிற்பதைவிட, மாமியாரின் தண்ணீர்ப் பையைச் சுமந்துகொண்டு பின்னே வரட்டும்.

நபித்தோழர்கள் மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது வழக்கம் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். மூச்சிரைத்துத் தக்பீர் சொல்ல முடியாமற் போனால், நடை மிஞ்சிவிட்டது, சற்றே அமர வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளமாகவும் அமையும். ஆனால் உரக்கக் கூவ வேண்டா. மேட்டில் ஏறியபோது குரலை உயர்த்திய தோழர்களிடம், நீங்கள் அழைப்பவன் செவிடனும் அல்லன், இங்கு இல்லாதவனும் அல்லன் என்று கருத்துப்பட அண்ணலார் மென்மையாகத் திருத்தியிருக்கிறார்கள். கல்வராயனில் அதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. உயர்ந்த பாறை முகடுகளின் அடியில் மலைத்தேனீக்கள் பெரிய பெரிய அடைகளாகக் கூடு கட்டியிருக்கும். கூச்சலும் புகையும் அவற்றுக்கு ஆகா. கடும் வாசனையும் ஆகாது என்பார்கள். ஆதலால் அன்று ஒரு நாளைக்கு அத்தர் பூசுவதையும் தள்ளி வையுங்கள்.